குதிகால் ஏன் தரையைத் தொடவில்லை?

பிசியோதெரபி படித்துவிட்டு வேலையில் சேர்ந்த முதல் வருடம் என் மேஜை டிராயரில் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருக்கும். தாளுக்குப் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ‘பத்து முறை, காலை மாலை’. மூளை முடக்குவாதம் என்று எழுதிய ஃபைலோடு எந்தக் குழந்தை வந்தாலும் ஒரு தாளை உருவிக் கொடுத்துவிடுவேன். அம்மாக்களுக்கும் அது பிடித்திருந்தது. வெறுங்கையோடு போகவில்லையே.

அந்த வருடம் ஒரே மாதத்தில் இரண்டு பையன்கள் வந்தார்கள். (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) இருவருக்கும் ஆறு வயது. இருவரும் குறைமாதத்தில் பிறந்தவர்கள். இருவர் ஃபைலிலும் ‘ஸ்பாஸ்டிக் டைப்லீஜியா’, அதாவது கைகளைவிடக் கால்களில் விறைப்பு அதிகம். இருவருமே குதிகால் ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தார்கள். சரி, ஒரே பிரச்சினை, ஒரே தாள் என்று முடித்துவிட்டேன். கெண்டைக்காலை நீட்டி விடுவதுதான் அந்தத் தாளில் பிரதானம். மூன்று மாதம் கழித்து ஒருவனுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. மற்றவனுக்கு ஒன்றும் இல்லை. முட்டி மட்டும் முன்பைவிடக் கூடுதலாக மடங்கியிருந்தது.

என்னோடு வேலை பார்த்த மூத்த அக்கா ஒருவர் அவனை நடக்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். “குதிகால் தூக்கியிருக்குன்னு எழுதியிருக்கே. கணுக்கால் எவ்வளவு மடங்குதுன்னு பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அப்புறம் படுக்கவைத்துப் பார்த்தால், கணுக்கால் சாதாரணக் குழந்தைக்கு மடங்குவதுபோலவே மடங்கியது. மூன்று மாதமாக, நன்றாக இருந்த தசையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பயிற்சி சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் வேலைக்குத்தான் எங்கள் தொழிலில் ‘கிளினிக்கல் ரீசனிங்’ என்று பெயர். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும். “முதல் நாள் முழுக்க சும்மா பார்த்துக்கிட்டே இருந்தாங்க, ஒரு எக்சர்சைஸும் சொல்லலை” என்று பெற்றோர் குறைபடுவார்கள். அந்தச் ‘சும்மா’வுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த ஒன்றிரண்டு வருடங்களிலோ ஏற்படும் ஒரு சேதம்தான் மூளை முடக்குவாதம். சி.பி. என்பார்கள். சேதம் அப்படியே நிற்கிறது, பெரிதாவதில்லை. ஆனால் உடம்பு நிற்பதில்லை. எலும்பு நீள்கிறது, எடை கூடுகிறது, விறைத்த தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வளர்வதில்லை. அதனால் மூன்று வயதில் பார்த்த குழந்தையும் பத்து வயதில் பார்க்கும் அதே குழந்தையும் எங்களுக்கு இரண்டு வேறு நோயாளிகள் மாதிரி. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் குழந்தை மாதாமாதம் இழந்துகொண்டே வந்தால், ஃபைலில் சி.பி. என்று எழுதியிருந்தாலும் அது வேறு நோயாக இருக்கலாம். திரும்பவும் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காரணம் தேடுவதில் தவறுவது இந்த நோயின் வரலாற்றிலேயே இருக்கிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861 இல், கஷ்டமான பிரசவம்தான் இப்படிக் கால் விறைக்கக் காரணம் என்று எழுதினார். 1897 இல் சிக்மண்ட் ஃபிராய்ட், கனவுகளைப் பற்றி எழுதிய அதே ஃபிராய்ட்தான், வேறு கோணத்தில் யோசித்தார். கருவிலேயே ஏதோ கோளாறு இருந்ததால்தான் பிரசவம் கஷ்டமாகியிருக்கலாமே என்றார். பிறக்கும்போது மூச்சுத் திணறியது என்பது சிறுபான்மைக் குழந்தைகளுக்குத்தான் காரணம் என்று இன்று தெரியும். ஆனாலும், “நான் அன்னிக்கு ஒழுங்கா முக்கலை போல” என்று சொல்லி அழும் அம்மாக்களை இன்றும் பார்க்கிறேன்.

ஒரு சொல், இரண்டு இறுக்கம்

நுனிக்கால் நடைக்கு வருவோம். “கால் இறுக்கமா இருக்கு” என்பார்கள். ‘நரம்பு இழுக்குது’ என்பதும் உண்டு. நம் ஊரில் தசை, தசைநாண், ரத்தக்குழாய் எல்லாமே நரம்புதான். அது போகட்டும். இந்த ‘இறுக்கம்’ என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் சிக்கல்.

கார் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் வரும். ஸ்பாஸ்டிசிட்டி என்னும் விறைப்பு அப்படிப்பட்டது. வேகத்துக்குத்தான் எதிர்ப்பு. மூளையிலிருந்து வர வேண்டிய கட்டுப்பாடு வராததால், திடீரென நீட்டப்படும் தசை உடனே சுருங்கி எதிர்க்கிறது. இன்னொன்று நாடா குறைவான பாவாடை மாதிரி. எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் எட்டாது, ஏனென்றால் நீளமே இல்லை. அது கான்ட்ராக்சர், தசையே குறுகிப்போன நிலை.

இதைப் பிரித்தறிய மெஷின் எதுவும் வேண்டாம், கையும் கோணமானியும் போதும். கணுக்காலை ஒரு முறை வேகமாக மடக்கி, எங்கே ‘டக்’கென்று பிடிக்கிறது என்று குறித்துக்கொள்வேன். அப்புறம் மிக மெதுவாக மடக்கி, கடைசியில் எங்கே நிற்கிறது என்று குறிப்பேன். டார்டியூ அளவுகோல் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். என் முதல் பையனுக்கு வேகமாக மடக்கியபோது பாதம் செங்கோணத்துக்கு வர 20 டிகிரி இருக்கும்போதே பிடித்தது. மெதுவாக மடக்கினால் செங்கோணத்தைத் தாண்டி 10 டிகிரி போனது. நடுவிலுள்ள 30 டிகிரியும் விறைப்பின் வேலை. இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி பயன்படலாம். அதன் பலன் சில மாதங்கள் நிற்கும், அதற்குள் நடைப்பயிற்சியை முடுக்கிவிட வேண்டும். இரண்டு அளவும் ஒரே இடத்தில் நின்றால் குறுகிய தசைக்கு ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை. வாராவாரம் மாற்றும் மாவுக்கட்டு, அல்லது அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

குறுகியிருக்கிறது என்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை. கெண்டைக்காலில் இரண்டு முக்கியத் தசைகள். ஒன்று முட்டிக்கு மேலிருந்து தொடங்குகிறது, மற்றொன்று முட்டிக்குக் கீழிருந்து. அதனால் முட்டியை நீட்டிவைத்து ஒரு முறை, மடக்கிவைத்து ஒரு முறை கணுக்காலைச் சோதிப்பேன். முட்டியை மடக்கியதும் கணுக்கால் தாராளமாக மடங்கினால், மேலே தொடங்கும் தசைதான் குறுகியிருக்கிறது. இரண்டு நிலையிலும் மடங்காவிட்டால் கீழேயுள்ளதும் சேர்ந்து குறுகிவிட்டது. அறுவைச் சிகிச்சை நிபுணர் எந்தத் தசையைத் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதற்கு அரை நிமிடச் சோதனை இது. சில்ஃபர்ஷோல்ட் சோதனை என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். பெயர் மறந்தாலும் பரவாயில்லை.

முட்டியில் இருக்கும் குற்றவாளி

இப்போது இரண்டாவது பையன். எழுந்து நின்று, பாதத்தை ஊன்றியபடி முட்டிகளை மெதுவாக மடக்கிப் பாருங்கள். கொஞ்ச தூரம் குதிகால் தரையிலேயே இருக்கும். இன்னும் மடக்கினால் தானாக எழும்பும். எழும்பும் அந்த நொடியில் உங்கள் கணுக்கால் நீண்டா இருக்கிறது? நன்றாக மடங்கித்தான் இருக்கிறது. அவன் நடையும் இதுதான். முட்டியும் இடுப்பும் மடங்கியே இருப்பதால் குதிகால் தரைக்கு வரவில்லை. கணுக்கால் மேல் ஒரு தப்பும் கிடையாது.

இதில் தவறினால் விலை அதிகம். நாம் நிற்கும்போது முட்டிக்குக் கீழுள்ள எலும்பு முன்பக்கம் சாயாமல் பின்னால் இழுத்துப் பிடிப்பது கெண்டைக்கால் தசை. பந்தக்கால் சாயாமல் பின்னால் இழுத்துக் கட்டிய கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் தூக்கியிருக்கிறதே என்று இந்தக் கயிற்றை, அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணை, அளவுக்கு மீறி நீளமாக்கிவிட்டால் கால் முன்னால் சாயும், முட்டி மேலும் மடங்கும். பாதம் தரையில் பதிந்திருக்கும், ஃபோட்டோவில் அழகாகவும் இருக்கும். ஆனால் குழந்தை குனிந்து மடங்கிய நடைக்கு மாறிவிடும். ‘கிரௌச் நடை’ என்போம். வளர வளர எடை கூடும்போது அந்த நடையைத் தாங்குவது மிகக் கடினம். அவனுக்கு அறுவைச் சிகிச்சை எதுவும் நடக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

வேறு காரணங்களும் உண்டு. பாதத்தைத் தூக்கும் முன்புறத் தசைக்கு வலுவே இல்லாமல் இருக்கலாம். வலு இருந்தும் தனியாக இயக்கத் தெரியாமல் இருக்கலாம்: உட்கார்ந்தபடி தொடையைத் தூக்கச் சொன்னால் பாதமும் கூடவே எழும்பும், ‘பாதத்தை மட்டும் தூக்கு’ என்றால் குழந்தை திருதிருவென்று விழிக்கும். ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்கு அந்தக் கால் கொஞ்சம் குட்டையாக இருந்து, அதை ஈடுகட்ட நுனிக்காலில் நடக்கலாம். சில குழந்தைகளுக்கு இறுக்கம் நேரத்துக்கு நேரம் மாறும். ஆள் வந்தால், பயந்தால், பேச முயன்றால் கூடும். அப்போது அம்மாவிடம் ஒரே கேள்வி: “தூங்கும்போது கால் எப்படி இருக்கு?” துணி மாதிரி தளர்ந்துவிடுகிறது என்றால் அது டிஸ்டோனியாவாக, அதாவது தசைகள் தம் போக்கில் முறுக்கிக்கொள்ளும் கோளாறாக, இருக்கலாம். அதற்கு நீட்டல் பயிற்சி பதில் ஆகாது.

ஆக, பார்த்தவுடன் ‘நுனிக்கால், டைப்லீஜியா, நீட்டல்’ என்று மனம் ஓடுவது இயல்பு. அனுபவம் கூடக் கூட அது இன்னும் வேகமாக ஓடும், பல நேரம் சரியாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து என்பேன். முதலில் தோன்றியதிலேயே மனம் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அதை ஆதரிக்கிற அடையாளங்கள் மட்டும் கண்ணில் படுகின்றன. அமெரிக்க இயன்முறை மருத்துவர்களான ரோத்ஸ்டைனும் எக்டர்னாக்கும் 1986 இல் இதற்காகவே ஒரு படிமுறையை எழுதினார்கள். சுருக்கமாகச் சொன்னால்: உன் ஊகத்தை எழுது, அது சரியென்றால் என்ன மாற வேண்டும் என்றும் எழுது, குறித்த நாளில் திரும்பிப் பார், மாறவில்லையென்றால் ஊகத்துக்குத் திரும்பிப் போ. பயிற்சியைச் செய்யவில்லை என்று அம்மாவைத் திட்டுவது அதில் எந்தப் படியிலும் இல்லை.

எதற்காக நடக்க வேண்டும்?

“நடக்கணும் சார்.” எல்லாப் பெற்றோரும் முதலில் சொல்வது இதுதான். இதை அப்படியே குறிக்கோளாக எழுதிவைத்தால் எதைச் சோதிப்பது என்றே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2001 இல் கொண்டுவந்த ஐ.சி.எஃப். என்ற வகைப்பாடு, உடம்பில் என்ன குறை என்பதோடு நிறுத்தாமல், அன்றாடம் என்ன செய்ய முடிகிறது, வீட்டிலும் பள்ளியிலும் எதில் கலந்துகொள்ள முடிகிறது, சுற்றுப்புறம் எப்படி உதவுகிறது அல்லது தடுக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. என் அனுபவத்தில், இதற்கு ஒரு கேள்வி போதும்.

“காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும், எங்கெல்லாம் அவனுக்கு மாட்டிக்குதும்மா?”

இரண்டாவது பையனின் அம்மா யோசித்துக்கொண்டே போனார். பல் தேய்ப்பான், சாப்பிடுவான், வேனில் ஏறப் பிடிக்க வேண்டும். அப்புறம் போகிற போக்கில், “ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டான் சார். பாட்டில் அப்படியே திரும்பி வரும்” என்றார். ஏன் என்று அவனைக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “பாத்ரூம் போக முடியாது.” பள்ளியில் இருந்தது உட்கார்ந்து எழும் இந்தியக் கழிப்பறை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு தடவை விழுந்திருக்கிறான். அதன்பின் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை தாகத்தை அடக்கியிருக்கிறான்.

குதிகால் தரையில் படுகிறதா இல்லையா என்பது அந்தப் பையனின் பிரச்சினைப் பட்டியலிலேயே இல்லை. எங்கள் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

குறிக்கோளை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 1997 இல் வெளியிட்ட ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலை வகைப்பாடு இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முதல் நிலைக் குழந்தை தானே நடக்கும், படியேறும். இரண்டாம் நிலை நடக்கும், படிக்குக் கைப்பிடி வேண்டும். மூன்றாம் நிலைக்கு வாக்கர் போல ஏதாவது வேண்டும். நான்காம் நிலை பெரும்பாலும் சக்கர நாற்காலி. ஐந்தாம் நிலைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிப்பதே கடினம். அதே நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002 இல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகளின்படி, ஐந்தாம் நிலைக் குழந்தை தான் எட்டக்கூடிய அசைவுத் திறனில் 90 சதவீதத்தைச் சராசரியாக 2.7 வயதிலேயே எட்டிவிடுகிறது. முதல் நிலைக் குழந்தைக்கு அது 4.8 வயது.

இதை ஒரு அப்பாவிடம் சொல்வது எளிதல்ல. ஆனால் சொல்லாமல் இருப்பது அதைவிட மோசம் என்று நினைக்கிறேன். ஐந்தாம் நிலையிலுள்ள எட்டு வயதுப் பெண்ணை ‘நடக்கவைக்கிறேன்’ என்று தினமும் இரண்டு மணி நேரம் கம்பிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் அவள் சரியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கற்றிருக்கலாம், கண்ணாலோ கையாலோ படத்தைக் காட்டிப் பேசக் கற்றிருக்கலாம்.

இந்த நிலை எண் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்கிறது: இடுப்பு மூட்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வில், சி.பி. குழந்தைகளில் 35 சதவீதத்தினருக்குத் தொடை எலும்பின் தலை குழியிலிருந்து விலகியிருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை; ஐந்தாம் நிலையில் 90 சதவீதம். ஆரம்பத்தில் வலிக்காது, வெளியே தெரியாது. எக்ஸ்ரேயில்தான் தெரியும். தென் ஸ்வீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளையும் முறையாகத் தொடர்ந்து பார்த்து, இடுப்பு முற்றிலும் விலகிப்போவதை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். அதனால் நான்காம், ஐந்தாம் நிலைக் குழந்தை கையில் ஏதோ சின்ன விஷயத்துக்காக வந்தாலும், கடைசியாக இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தது எப்போது என்று கேட்காமல் அனுப்பினால் நான் என் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

ஊகத்தைச் சோதிப்பது

பையன் விஷயத்தில் அடுத்த கேள்வி: முட்டி ஏன் மடங்கியே இருக்கிறது? தொடையின் பின்தசை குறுகியிருக்கலாம். இடுப்பு முழுதாக நீளாமல் இருக்கலாம். அல்லது முட்டியை நீட்டிப் பிடிக்கும் முன்தசைக்கு வலு போதாமல் இருக்கலாம். சோதித்ததில் பின்தசை கொஞ்சம் குறுகியிருந்தது, இடுப்பு பரவாயில்லை. முன்தசைதான் மோசம். உட்கார்ந்து காலை நீட்டச் சொன்னால் கடைசிக் கொஞ்ச தூரம் வரவே இல்லை, கால் நடுங்கியது. நான் படுக்கவைத்து மெதுவாக நீட்டினால் வந்தது. நீளம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் வலு இல்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்த தலைமுறையில் ஒரு பயம் இருந்தது. விறைப்பான தசைக்கு வலுப் பயிற்சி கொடுத்தால் விறைப்பு கூடிவிடும் என்பார்கள். 1990களில் அமெரிக்காவின் டயான் டாமியானோவும் உடன் பணிபுரிந்தவர்களும் இந்த மாதிரி மடங்கிய நடைக் குழந்தைகளுக்கே தொடை முன்தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வலு கூடியது, பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆனால் வலு கூடினால் நடையும் அதே அளவு மாறிவிடும் என்று சொல்ல முடியாது. அது குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது.

2013 இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் குழுவினரும் சி.பி. சிகிச்சைகளைச் சிக்னல் விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். மொத்தத்தில் அங்கே தெரிவது இது: எதைச் செய்ய வேண்டுமோ அதையே, அது தேவைப்படுகிற இடத்தில், குழந்தை தானே முயன்று பலமுறை செய்வதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. ஒரு பக்கக் கை பாதித்த குழந்தைக்கு நல்ல கையை உறை போட்டு ஒதுக்கி, பலவீனமான கையால் விளையாடவைப்பது அதில் ஒன்று. நாம் கையையும் காலையும் பிடித்து ஆட்டிவிட, குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்குச் சான்று மெலிவு. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதை நான் தடுப்பதில்லை. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் நல்ல நேரம் அது. ஆனால் அதுவே சிகிச்சை என்று எண்ணி மற்றதை விட்டுவிடாதீர்கள் என்பேன்.

எனவே பையனுக்கு எழுதியது இரண்டே இரண்டு. சுவரில் ஒரு கம்பியைப் பிடித்துக் குந்தி உட்கார்ந்து எழுவது. ஸ்டூலிலிருந்து ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு எழுவது, வாரத்துக்கு ஒரு புத்தகம் கூடுதலாக. கீழே என் ஊகத்தையும் எழுதினேன்: ‘முன்தசை வலுக் குறைவுதான் முக்கியக் காரணம். எட்டு வாரத்தில் ஸ்டூலிலிருந்து தொடர்ந்து எழும் எண்ணிக்கை இரட்டிப்பாக வேண்டும், நடையில் முட்டி மடக்கம் குறைய வேண்டும். இல்லையென்றால் நான் தப்பு.’

எட்டு வாரத்தில் எண்ணிக்கை நான்கிலிருந்து பதினொன்று ஆனது. நடையில் முட்டி மடக்கம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பாதி சரி, பாதி தப்பு. பின்தசைக் குறுக்கத்துக்கு நான் கொடுத்த முக்கியத்துவம் போதவில்லை என்று தோன்றியது. இரவில் முட்டியை நீட்டிவைக்கும் ஸ்பிளிண்ட் சேர்த்து, எலும்பியல் மருத்துவரிடமும் அனுப்பினேன்.

ஸ்பிளிண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கணுக்காலையும் பாதத்தையும் பிடித்துவைக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற ஸ்பிளிண்ட், ஷூவோடு அணிய வேண்டியது. நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவோம். அப்படியென்றால் குழந்தை அதிகம் நடமாடுகிற வீட்டுக்குள் அது காலில் இருக்காது. இதை யோசிக்காமல் ‘தினமும் ஆறு மணி நேரம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுமுறை ‘ஏம்மா போடலை?’ என்று கேட்பது எங்கள் வழக்கம். வியர்க்கிறதா, உரசிப் புண்ணாகிறதா, கால் வளர்ந்து சின்னதாகிவிட்டதா, பாட்டி ‘புள்ளைய ஏன் இப்படிக் கட்டிப்போடுற’ என்கிறாரா? ஸ்பிளிண்ட் ஏன் மூலையில் கிடக்கிறது என்பதற்கும் குதிகால் ஏன் தூக்கியிருக்கிறது என்பதற்குச் செலவழிக்கும் அதே அளவு யோசனை வேண்டும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு தனி ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கிவைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அந்த யோசனை ஒரு அம்மா எனக்குச் சொன்னது.

அம்மாவின் நேரமும் கணக்கில் வர வேண்டும். பன்னிரண்டு பயிற்சி, பத்து முறை, காலை மாலை. பெருக்கிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம். தண்ணீர் பிடித்து, சமைத்து, இன்னொரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிற பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்? சின்னக் குழந்தை என்றால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போதே கால்கள் விரிந்து இருக்கும்படி வைக்கச் சொல்வேன். எப்படியும் தூக்கத்தானே போகிறார். பெரிய குழந்தை என்றால் அடுப்பு மேடையைப் பிடித்து நின்று பட்டாணி உரிக்கட்டும். நிற்கும் பயிற்சியும் ஆயிற்று, பட்டாணியும் உரித்தாயிற்று.

இரண்டாவது பையனின் பள்ளியில் தலைமையாசிரியரிடம் பேசினோம். ஒரு வாரத்தில் பிளம்பர் வந்து கழிப்பறைச் சுவரில் எல் வடிவத்தில் ஒரு கம்பி பொருத்தினார். எந்த உயரத்தில் என்று நான் சொல்லியிருந்தேன். பையன் போய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கீழே வேண்டும் என்றான். மாற்றிப் பொருத்தினார்கள். அடுத்த முறை வந்தபோது அவன் குதிகால் தரையைத் தொடவில்லை, முட்டியும் மடங்கித்தான் இருந்தது. அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை.